பூமித்தாய் தாங்குவாளா?

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் முன்னோர் வாக்கு. உணவுக்கும் உறக்கத்துக்கும் பணத்துக்கும் இது பொருந்தும். மனிதருக்கும் பொருந்துமா? குழந்தையை மழலைச் செல்வம் என்று வாழ்த்தி வரவேற்கிற நாமே, 'மனிதர் தொகை அளவு மிஞ்சிவிட்டது' என்றும் சொல்கிறோம். அப்படியானால், மிஞ்சிய பிள்ளை எந்தப் பிள்ளை? இந்தக் கேள்வி எனக்குப் பாடநூலிலிருந்து வரவில்லை. ஒரு மேடையில் நான் நின்றிருக்க, மண்டபம் முழுதும் சிரித்தபோது வந்தது. அந்தக் கதையையும், அதன்பின் நான் தேடிக் கண்ட சிலவற்றையும் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு ஆகஸ்டு மாதம் நம் பள்ளி இலக்கிய மன்றத்தில் சொற்போர் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். 'பெருகும் மக்கள்தொகைக்கு நடுவே பூமியின் உயிர்ச்சூழல் சமநிலையில் நிற்குமா?' என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியபோது எனக்கு வந்தது 'நிற்காது' என்ற கட்சி. எதிர்க்கட்சியில் என் உயிர்த்தோழி. 'வெற்றி நமக்கே' என்று உள்ளூர மகிழ்ந்தேன். என் கட்சிக்குத்தான் எத்தனை சான்றுகள்!

நூலகத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தேன். உலக மக்கள்தொகை 1974-ஆம் ஆண்டு வாக்கில் 400 கோடி. 2022 நவம்பர் 15 அன்று அது 800 கோடியைத் தொட்டுவிட்டதாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அரை நூற்றாண்டுக்குள் இருமடங்கு! உணவு கூட்டல் கணக்கில் வளர, மக்கள் பெருக்கல் கணக்கில் வளர்வர் என்று 1798-லேயே மால்தஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் எச்சரித்திருந்தார். பூமியில் வாழும் பாலூட்டிகள் அனைத்தையும் எடை போட்டால், அதில் ஏறத்தாழ 96 விழுக்காடு மனிதரும் மனிதர் வளர்க்கும் ஆடுமாடு முதலியனவும்தானாம். யானை முதல் எலி வரை, திமிங்கிலத்தையும் சேர்த்து, காட்டிலும் கடலிலும் தாமாக வாழ்வன எல்லாம் சேர்ந்து மிச்சமுள்ள 4 விழுக்காடுதான் என்று 2018-இல் விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, என் கையில் ஒரு கதை இருந்தது. வடபசிபிக்கின் பேரிங் கடலில் செயின்ட் மத்தேயு என்றொரு தீவு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர் 29 பனிமான்களைக் கொண்டுபோய் அங்கே விட்டனர். காவலுக்கு இருந்த வீரர்களுக்கு உணவு கிடைக்காமற் போனால் உதவட்டும் என்பது எண்ணம். வீரர்கள் விரைவில் திரும்பிவிட்டார்கள், மான்கள் தங்கிவிட்டன. அவற்றைத் தின்ன ஓநாய் இல்லை. தரை முழுதும் லைக்கன் மெத்தைபோல் விரிந்து கிடந்தது. 1963-இல் மான்கள் 6,000 ஆகிவிட்டன. மெல்ல வளரும் லைக்கன் தின்று தீர்ந்தது. அடுத்து வந்த கடுங்குளிரில் மான்கள் கூட்டங்கூட்டமாய் மடிந்தன. 1966-இல் எண்ணியபோது எஞ்சியிருந்தவை 42.

இந்தக் கதையைச் சொல்லி, 'தோழியரே, அந்தத் தீவுதான் நம் பூமி. அந்த மான்கள்தாம் நாம்!' என்று முடித்தால் கைதட்டல் நிச்சயம். அதற்கு முன் ஒரு சூடான வாக்கியமும் வேண்டும் என்று தோன்றியது. 'இரண்டோடு நிறுத்திக்கொள்ளாத ஒவ்வொரு வீடும் பூமித்தாய்க்குத் துரோகம் செய்த வீடு' என்று எழுதிக்கொண்டேன். முதல்நாள் இரவு கண்ணாடி முன் நின்று நான்கைந்து முறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பின்னால் கட்டிலில் அமர்ந்து அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு, "நாளைக்குச் சீக்கிரம் எழுந்திரு பாப்பா" என்று மட்டும் சொல்லி விளக்கை அணைத்தாள்.

மறுநாள் நினைத்தபடியே பேசினேன். கைதட்டலும் கிடைத்தது. பிறகு என் தோழி எழுந்தாள். மால்தஸ் சொன்னது நடந்ததா என்று கேட்டாள். 1968-இல் பால் எர்லிக் என்னும் அமெரிக்க விஞ்ஞானி, வரும் பத்தாண்டுகளில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மடிவர் என்று எழுதினார். ஆனால் நார்மன் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமையும், நம் எம். எஸ். சுவாமிநாதன் போன்றோரின் உழைப்பும் இந்தியாவின் களஞ்சியத்தை நிரப்பின என்றாள். இவ்வளவும் எதிர்பார்த்ததுதான். கடைசியில் சற்றே நிறுத்தி, என் பக்கம் திரும்பிப் புன்னகை செய்தாள்.

"இரண்டோடு நிறுத்தாத வீடு துரோகம் செய்த வீடு என்றார் என் தோழி. நடுவர் அவர்களே, என் தோழி தம் பெற்றோருக்கு நான்காவது மகள். அவரை நான் எந்தக் கணக்கில் சேர்ப்பது?"

மண்டபம் அதிர்ந்தது. நடுவராக இருந்த அருட்சகோதரியும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மறுப்புரைக்கு எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது. நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இன்றும் நினைவில்லை. இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். தோழி விளையாட்டாகத்தான் சொன்னாள். அன்றே வந்து கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டாள். என் நெஞ்சில் தைத்தது அவளுடைய சொல் அன்று. நான்கு முறை நான் உரக்கச் சொன்னதை அம்மா கேட்டுக்கொண்டிருந்தாளே, அதுதான்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள். பிறகு, நான் கேட்காமலே, என் பிறப்பின் கதையைச் சொன்னாள். மூன்று பெண்களுக்குப் பின் இதுவாவது ஆணாக இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் காத்திருந்தார்களாம். நான் பிறந்ததும் ஆயா, விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்தவர், பச்சிளங் குழந்தையைப் பார்த்துவிட்டு அன்று மாலையே ஊருக்குத் திரும்பிவிட்டாராம். (அதே ஆயா பின்னாளில் என்னை இடுப்பை விட்டு இறக்கியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

"நாலு வேணும்னு நான் நினைக்கவும் இல்ல, வேணாம்னு நினைக்கவும் இல்ல பாப்பா. என்னை யாரு கேட்டாங்க? எட்டாவதோட படிப்பை நிறுத்தினப்பவும் கேக்கல, கல்யாணத்துக்கும் கேக்கல. ஆனா நீ வந்தப்புறம் ஒண்ணு மட்டும் நானே முடிவு பண்ணினேன். நாலு பேரும் படிக்கணும்."

இதைச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் எழுதிய 'துரோகம்' என்ற சொல்லை அன்றிரவே கிழித்துப் போட்டேன். ஆனால் கேள்வியைக் கிழித்துப் போட முடியவில்லையே! மக்கள் பெருகுவது பூமிக்குச் சுமை என்பது பொய்யா? பொய்யில்லை என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீடே அதற்குச் சாட்சி.

எங்கள் வீடு சென்னைக்குத் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. பிழைப்புத் தேடி வந்து அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த அப்பா, பல ஆண்டுச் சேமிப்பில் அரை கிரவுண்டு மனை வாங்கினார். பத்திரமும் பட்டாவும் ஒழுங்காகவே இருக்கின்றன. தாழ்வான இடம் என்பதால் விலை குறைவு. விலை குறைவு என்பதால் எங்களுக்குக் கிடைத்தது. "நாப்பது லோடு மண் அடிச்சு மேடாக்கினேன்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த நாற்பது லாரி மண்ணுக்குக் கீழே என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்கு மழையே பதில் சொல்லிற்று. 2015 டிசம்பர் முதல் நாள் இரவு, எனக்கு ஏழு வயது. தண்ணீர் வாசற்படி ஏறி, கட்டிலின் காலைத் தொட்டு, சன்னல் வரை வந்தது. எங்கள் நால்வரையும் அப்பா ஒவ்வொருவராக மாடிக்குத் தூக்கிச் சென்றார். இரண்டு இரவுகள் மொட்டைமாடியில் ஒரு தார்ப்பாயின் கீழ் இருந்தோம். பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அப்போதும் அதே தண்ணீர், அதே சன்னல். இவ்விரண்டுக்கும் நடுவே 2019-ஆம் ஆண்டுக் கோடை! பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டுபோக, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அம்மாவும் அக்காக்களும் நானும் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே ஊரில், ஓர் ஆண்டு மூழ்கினோம். ஓர் ஆண்டு தொண்டை நனையத் தவித்தோம். இது என்ன விந்தை?

இதற்கு விடை சனவரியில் கிடைத்தது. எங்கள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டர் வகுப்பு முழுவதையும் சதுப்பு நிலத்தைப் பார்க்க அழைத்துச் சென்றார். வீட்டிலிருந்து நடக்கும் தூரந்தான். ஆயினும் அதைப் 'பார்க்க'ப் போனது அன்றுதான்! விடியற்காலைப் பனியில் சம்பும் கோரையும் அசைந்தன. தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தால், ஆழமற்ற நீரில் பூநாரைகள் வரிசையாக நின்றன; கூழைக்கடாக்கள் மிதந்தன; நீலத் தாழைக்கோழி தன் சிவந்த காலால் தண்டைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இங்கே வருவதாகச் சிஸ்டர் சொன்னார். தொலைநோக்கியைச் சற்றுத் திருப்பினால், பெருங்குடிக் குப்பைமேடு. இன்னும் சற்றுத் திருப்பினால், கண்ணாடிக் கட்டடங்கள். இன்னும் கொஞ்சம்... எங்கள் தெருவின் தண்ணீர்த் தொட்டி. தோழி என் தோளைத் தொட்டாள். நானும் பார்த்துவிட்டேன்.

சிஸ்டர் கரையில் நின்றே பாடம் நடத்தினார். தென்சென்னையைச் சுற்றியுள்ள முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து இங்கே வந்து சேரும். இங்கே பரவித் தங்கி, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மிஞ்சியது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கும். மழைக்காலத்தில் வெள்ளத்தை வாங்கிக்கொள்வதும், கோடைக்கு நிலத்தடியில் நீரைச் சேர்த்து வைப்பதும், கடலின் உப்புநீர் உள்ளே புகாமல் தடுப்பதும் இந்தச் சேற்று நிலத்தின் வேலை. ஊரார் இதைக் கழிவெளி என்பார்கள். நெடுங்காலம் இதைப் பயனற்ற வெற்று நிலம் என்றே கருதினார்கள். பயனற்றது என்று முடிவு செய்துவிட்டால் பிறகு என்ன தடை? குப்பை கொட்டினார்கள், குறுக்கே சாலை போட்டார்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள் எழுந்தன, கடைசியில் எங்களைப் போன்றோர் வீடு கட்டினோம். ஒரு காலத்தில் 5,000 எக்டேருக்கும் மேல் பரந்து கிடந்த நிலத்தில் பெரும்பகுதி இப்படிப் போய்விட்டது. 2007-இல் 317 எக்டேர் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈர நிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 1,247 எக்டேர் இடம்பெற்றது. மிஞ்சியது காக்கப்படுகிறது என்பது ஆறுதல்.

அன்று நான் கற்ற முக்கியமான பாடம் ஒன்று உண்டு. சமநிலை என்றால் தராசுத் தட்டு அசையாமல் நிற்பது என்று எண்ணியிருந்தேன். சதுப்பு நிலம் ஒருநாளும் அசையாமல் நின்றதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் விரிகிறது, சித்திரையில் சுருங்குகிறது. விரிவதற்கும் சுருங்குவதற்கும் இடம் இருக்கும்வரை அது சமநிலையில் இருக்கிறது. நாம் அந்த இடத்தை எடுத்துக்கொண்டோம். விரிய இடமில்லாத நீர் எங்கள் சன்னலுக்கு வந்தது; தங்க இடமில்லாத நீர் கோடைக்கு மிஞ்சவில்லை. வெள்ளமும் வறட்சியும் இரு வேறு துன்பங்கள் அல்ல. ஒரே தவற்றின் இரு முகங்கள்.

சரி, அந்தத் தவறு மனிதர் தொகையினால் வந்ததா? 1951-இல் சென்னை நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 14 லட்சம். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், சுற்றுப்புறங்களும் சேர்ந்த பெருநகரத்தில் 86 லட்சத்துக்கு மேல். அத்தனை பேருக்கும் கூரை வேண்டும், குடிநீர் வேண்டும், குப்பையைக் கொட்ட இடம் வேண்டும். எனவே தொகைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. என் தோழி சொன்ன பசுமைப் புரட்சிகூடக் கடன் வாங்கிய வெற்றிதான்; பஞ்சாபில் ஆழ்குழாய்கள் ஆண்டுக்காண்டு ஆழம் போகின்றன.

ஆனால் தலையை மட்டும் எண்ணினால் கணக்கு முடிந்துவிடுமா? இதைச் சோதிக்கச் சிஸ்டர் எங்கள் இருவருக்கும் ஒரு வேலை கொடுத்தார். தத்தம் வீட்டுக் குப்பையை ஒரு வாரம் சேர்த்து எடை பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது ஆறு பேர். தோழி வீட்டில் மூவர். கடைத்தெருவில் காய்கறிக்காரரின் தராசில் இரண்டு மூட்டைகளையும் தூக்கி வைத்தபோது, அவர் எங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை! எங்களுடையதில் பெரும்பாலும் காய்த்தோலும் தேங்காய்ச் சிரட்டையும். அவளுடையதில் பாதிக்கு மேல் நெகிழிப் பையும், வீடு தேடி வந்த பொட்டலங்களின் அட்டையும். மேடையில் வென்றவள் தலை குனிந்தாள். "எங்க வீட்டுல ஒரே பிள்ளைதான். அப்படியும் ஆறு பேர் குப்பை" என்றாள். நான் அவளைக் கேலி செய்யவில்லை. அவள் வீட்டு வசதி எங்களுக்கு வந்தால் நாங்களும் அவ்வாறே வாங்குவோம் என்பது எனக்குத் தெரியாதா என்ன?

உலகக் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. நிலக்கரியும் பெட்ரோலும் எரிப்பதால் வானில் சேரும் கரியமில வாயுவை நாட்டு மக்கள் தலைக்கு வகுத்தால், அமெரிக்கர் ஒருவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன். இந்தியர் ஒருவருக்கு ஏறத்தாழ 2 டன். அங்கே பிறக்கும் ஒரு குழந்தையின் சுமை, இங்கே பிறக்கும் ஏழு குழந்தைகளின் சுமை. நம் நாட்டுக்குள்ளேயே மாளிகைக்கும் குடிசைக்கும் உள்ள வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடலைச் சிஸ்டர் எனக்குப் படிக்கத் தந்தார். மக்கள் அடர்த்தியால் சில இடங்களில் சிக்கல் வருவதை அவர் மறுக்கவில்லை. ஆனால், சிலருடைய மிதமிஞ்சிய நுகர்வைக் கேட்காமல் மக்கட்பெருக்கத்தின்மேல் மட்டும் பழியைப் போடுவது சிக்கலை நேராகப் பார்க்க மறுப்பதாகும் என்ற கருத்தை அதில் கண்டேன். கண்ணாடி முன் நின்ற என்னையே யாரோ பின்னாலிருந்து பார்த்துச் சொன்னது போல இருந்தது.

இன்னொரு செய்தியும் எனக்கு வியப்பாக இருந்தது. மக்கட்பெருக்கம் நான் பயந்ததுபோல் கட்டற்று ஓடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். இந்தியா முழுமைக்கும் 2.0. உலக மக்கள்தொகை இந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ 1,030 கோடியைத் தொட்டு, பின்னர் மெல்ல இறங்கும் என்று ஐக்கிய நாடுகள் சபை 2024-இல் மதிப்பிட்டிருக்கிறது. எப்படி நடந்தது இந்த மாற்றம்? விஞ்ஞானிகள் கூறும் காரணங்களைப் படித்துக்கொண்டே வந்தேன். குழந்தைகள் பிழைத்து வளர்வது ஒன்று. பெண்கள் படிப்பது ஒன்று. படித்த பெண்ணின் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு இருப்பது ஒன்று. படித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டேன். 'என்னை யாரு கேட்டாங்க?' என்ற அம்மாவின் குரல் காதில் ஒலித்தது.

எங்கள் வீட்டையே பாருங்கள். அம்மாவுக்கு நாங்கள் நால்வர். பெரியக்கா செவிலியர் படிப்புப் படித்தாள். இப்போது அவளுக்கு ஒரே மகன். அவன் பிறந்து ஓராண்டு ஆனபோது, அத்தையொருத்தி அடுத்தது எப்போது என்று கேட்டார். பதில் சொன்னது அம்மா. "அது அவளும் மாப்பிள்ளையும் பேசிக்க வேண்டியது அண்ணி. நம்ம கேக்கக் கூடாது." அம்மா யாரிடமும் அப்படி எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற ஒரு தாய், நான்கு பெண்களைப் படிக்க வைத்ததன் மூலம் பூமித்தாய்க்குச் செய்த தொண்டு, என் மேடைப் பேச்சைவிடப் பெரிது. அவளைத்தான் நான் துரோகி என்று சொல்லிப் பழகினேன்.

அப்படியானால், சமநிலை நிற்குமா? இன்று அதே மேடையில் என்னை ஏற்றினால் இப்படிச் சொல்வேன். பூமி எப்படியும் ஒரு சமநிலையை அடைந்துகொள்ளும். செயின்ட் மத்தேயு தீவும் அடைந்தது; ஆறாயிரம் மான்களைப் பறித்துக்கொண்டு அடைந்தது. பள்ளிக்கரணை நீரும் தன் இடத்தைத் தேடிக்கொள்கிறது. எங்கள் சன்னல் வழியாகத் தேடிக்கொள்கிறது. எனவே கேள்வி பூமி தாங்குமா என்பதன்று. பூமி தன் கணக்கைத் தீர்க்கும்போது, அதற்கு விலை கொடுப்பவர் யார் என்பதே கேள்வி. மலிவான மனை தேடித் தாழ்ந்த நிலத்துக்கு வந்தவர்களே முதலில் கொடுக்கிறார்கள்.

பனிமானுக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. லைக்கன் எவ்வளவு மிச்சம் என்று மான் எண்ணிப் பார்க்காது. நம்மால் எண்ண முடியும். எண்ணிய பின் நிறுத்தவும் முடியும். அது முடியாதென்றால், நாம் படித்த படிப்பெல்லாம் எதற்கு?

பெரிய பேச்சோடு முடித்துவிட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒருமுறை பட்டது போதும். எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு காரியத்தைச் சொல்லி முடிக்கிறேன். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லா வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எங்கள் வீட்டிலும் அதற்குக் குழாய் உண்டு. ஆனால் அது எப்போதோ உடைந்து, மாடித் தண்ணீர் முழுவதும் தெருச் சாக்கடைக்கே ஓடிக்கொண்டிருந்தது. சதுப்பு நிலத்தைப் பார்த்து வந்த பின் அப்பாவிடம் சொன்னேன். முன்வாசலுக்குச் சிமெண்டு போட அவர் வைத்திருந்த பணம் கொஞ்சம் இருந்தது. இரண்டு நாள் யோசித்தார். பிறகு சிமெண்டைக் கைவிட்டு, வாசலை மண்ணாகவே விட்டு, குழாயைச் சரிசெய்து, கூழாங்கல்லும் மணலும் போட்ட குழி ஒன்று வெட்டினோம். அம்மா அதன் ஓரத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டாள்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த இரவு, நாங்கள் எல்லோரும் சன்னலருகே நின்று பார்த்தோம். தெருவில் தண்ணீர் நிற்கத்தான் நின்றது. ஒரு வீட்டுக் குழி ஊர் வெள்ளத்தைக் குடித்துவிடுமா என்ன? ஆனால் எங்கள் மாடியில் விழுந்த மழை, அன்று முதன்முறையாகத் தெருவுக்குப் போகவில்லை. "நம்ம பங்கு உள்ள இறங்கிடுச்சு" என்றார் அப்பா. நாற்பது லோடு மண்ணைப் பற்றிப் பெருமை பேசிய அதே குரலில் இதைச் சொன்னார்.

தோழியரே, நம்முடைய எண்ணிக்கையை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. நான்காவதாகப் பிறந்தவளும் ஒரே பிள்ளையாகப் பிறந்தவளும் இவ்வுலகில் சம உரிமையோடு பிறந்தவர்களே. பிறந்த பின் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறோம், எவ்வளவு விட்டு வைக்கிறோம் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. பூநாரைக்கு நிற்க ஒரு முழத் தண்ணீர், மழைக்கு இறங்கக் கொஞ்சம் மண், நமக்குப் பின் வரும் தங்கையருக்குக் குடிக்க ஒரு குடம் நீர். இவ்வளவையும் விட்டு வைப்போமானால், பூமித்தாய் தாங்குவாள். அவள் நான்கு பிள்ளை பெற்ற என் தாயைப் போன்றவள். கேட்காமலே நிறையச் சுமந்துவிட்டாள். இனியாவது நாம் அவளைக் கேட்டுச் செய்வோம்.